கர்ப்பிணிகளும் வாசனைத் தைலங்களும்

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்குச் செல்லும் வழியில், மழை மறைவுப் பிரதேசமான மலைச்சரிவுகளில் தைலப்புல் வளர்கிறது. எலுமிச்சை மணம் வீசும் இப்புல்லை மலைவாழ் மக்கள் அறுத்து, கொப்பரையிலிட்டு, நீராவியினால் தைலம் இறக்குகின்றனர். உலகச் சந்தையில் 'கொச்சித் தைலம்' என நெடுங்காலம் பெயர் பெற்றது இதுவே. இப்புல்லின் ஆராய்ச்சிக்கென 1951இல் ஓடக்காலியில் நிறுவப்பட்ட நிலையம் இன்று கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக இயங்குகிறது. மூணாறு மலைகளிலோ, தேயிலைத் தொழிற்சாலைகளின் விறகுக்காக நடப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் மிகுதி. பாலக்காட்டு ஜில்லாவின் அட்டப்பாடிக்கு நீலகிரி அண்டை மலையாதலால், அங்கும் நீலகிரித் தைலம் எளிதில் கிடைக்கும் பொருளே.

ஆகவே இவ்வெல்லைப் புறங்களில் தலைவலி, சளி, இடுப்புவலி எதுவாயினும் கை முதலில் நாடுவது தைலப் புட்டியையே. அப்புட்டியைக் கர்ப்பிணியும் எடுக்கலாமா? கிராமங்களில் பணியாற்றும் ஊழியரும் ஆசிரியரும் இவ்வினாவுக்குத் தெளிவான விடை அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் பெயரினால் விளையும் குழப்பத்தை நீக்க வேண்டும். வைத்தியர் தரும் தைலம் பெரும்பாலும் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ மூலிகை சேர்த்துக் காய்ச்சியது. நீலகிரித் தைலமும் புல்தைலமும் அத்தகையன அல்ல. அவை தாவரத்தின் ஆவியாகும் சத்து மட்டுமே திரண்ட திரவங்கள். இரண்டையும் 'தைலம்' என்ற ஒரே சொல்லால் வழங்குவதால், ஒன்றைத் தேய்ப்பது போலவே மற்றொன்றையும் தேய்க்கலாம் எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். இவ்வேற்றுமையை வகுப்பில் காட்டுவது எளிது. ஒரு தாளில் புல்தைலம் ஒரு துளியும், தேங்காயெண்ணெய் ஒரு துளியும் இடுக. சில மணி நேரத்தில் முன்னது பெரும்பாலும் ஆவியாகி மறையும். பின்னது கறையாக நிற்கும்.

இத்தைலங்களின் செறிவையும் மனத்திற் கொள்ள வேண்டும். நூறு கிலோ பச்சைப் புல்லிலிருந்து சுமார் அரைக் கிலோவோ அதற்கும் குறைவாகவோதான் தைலம் கிடைக்கிறது. எனவே ஒரு துளித் தைலம் ஏறத்தாழ பத்துக் கிராம் புல்லின் சத்தைத் தன்னுள் அடக்கியது. புல்லை வெந்நீரிலிட்டு அருந்துவது வேறு, தைலத்தை அருந்துவது வேறு என்பது இதனால் விளங்கும்.

இத்தைலங்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, கொழுப்பில் கரைபவை. தோல், நுரையீரல், இரைப்பை ஆகிய மூன்று வழிகளாலும் இரத்தத்தை அடையும். நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவையும் எட்டக்கூடும். கற்பூரம் இவ்வாறு சிசுவை அடைவது அறியப்பட்ட உண்மை. பூரண வளர்ச்சி பெறாத சிசுவின் ஈரல் அதனை முறித்து வெளியேற்ற வல்லதன்று. கற்பூரம் கலந்த எண்ணெயைத் தவறுதலாக அருந்தி நேர்ந்த விபத்துகளின் காரணமாகவே, அமெரிக்க அரசாங்கம் 1980களின் தொடக்கத்தில் அவ்வெண்ணெயின் விற்பனையைத் தடுத்தது.

வலி நீக்கும் பூச்சு மருந்துகள் பலவற்றில் காணப்படும் விண்டர்கிரீன் தைலம் மற்றோர் எடுத்துக்காட்டு. நீலகிரி, பழனி மலைகளில் வளரும் ஒரு செடியிலிருந்தும் இது கிடைக்கும். இதன் சத்தான மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவான பொருள். ஒரு தேக்கரண்டி சுத்தத் தைலம் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஒப்பாகும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இவ்வகைப் பொருள்கள் சிசுவின் இருதயத்தை அடுத்த இரத்தக் குழாயைக் காலத்துக்கு முன்னரே மூடச் செய்யலாம். இரத்தப் போக்கையும் மிகுவிக்கலாம்.

யூகலிப்டஸும் கற்பூரமும் அளவு மிஞ்சினால் வலிப்பை உண்டாக்கும். தென்னிந்திய மருத்துவமனைகள் நான்கில் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஓர் ஆய்வில், வலிப்புடன் வந்த 350 பேரில் 55 பேருக்கு இத்தகைய தைலங்களுடன் தொடர்பு காணப்பட்டது. கர்ப்பிணிக்கு வலிப்பு வருமாயின் இரத்த அழுத்த மிகுதியே காரணமோ என மருத்துவர் உடனே ஐயுறுவார், அது முறையே. எனினும் தைலம் உபயோகித்த செய்தியையும் அவரிடம் தவறாது கூறுதல் ஊழியரின் கடமை.

இவற்றால் தைலத்தின் மணமே நஞ்சென்று அஞ்ச வேண்டியதில்லை. அறையில் வீசும் மணத்தாலோ, நெற்றியில் சிறிதளவு தடவுவதாலோ சிசுவுக்குக் கேடு விளைந்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் கர்ப்பிணிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் மிகக் குறைவாதலால், முழுப் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. ஐயமுள்ள இடத்தில் எச்சரிக்கையே அறிவுடைமை.

உண்மையில் பெரிய ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கர்ப்பத்தின் பின்மாதங்களில் விடாத தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கைகளிலும் வீக்கம் ஆகியவை இரத்த அழுத்த மிகுதியின் அறிகுறிகளாகலாம். அவ்வேளையில் தைலம் தடவிப் படுத்துவிடும் பெண் இழப்பது தன் உயிரைக் காக்கும் மணி நேரங்களை. அட்டப்பாடியில் 2013இல் பச்சிளங் குழந்தைகள் பல இறந்தது தேசத்தின் கவனத்தை ஈர்த்தது. அதற்குத் தைலம் காரணமன்று. தாய்மாரின் போஷாக்குக் குறைவும் இரத்தசோகையும் பெரிதும் காரணமாகப் பேசப்பட்டன. எனினும் இவ்வாறு நலிந்த தாய்க்கும் சிசுவுக்கும் மேலும் ஒரு சிறு கேட்டையும் தாங்கும் வலிமை குறைவு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆஷா பணியாளரும் அங்கன்வாடி ஊழியரும் வீடுகளில் எடுத்துரைக்க வேண்டியவை வருமாறு:

தைலத்தை ஒரு துளியும் உள்ளுக்கு அருந்தலாகாது. சர்க்கரையில் விட்டு உண்பதும் கூடாது.

முதல் மூன்று மாதங்களில் தைலங்களைத் தவிர்ப்பதே நலம். பின்னர் மருத்துவர் அனுமதித்தால், ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய்க்கு ஒரு துளிக்கு மேற்படாமல் கலந்து, சிறிதிடத்தில் மட்டும் தடவலாம். வயிற்றிலும் புண்ணிலும் தடவலாகாது.

கற்பூரம், விண்டர்கிரீன் சேர்ந்த பூச்சுகளைக் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாது உபயோகிக்க வேண்டாம். வலிப்பு நோய் உடையோர் யூகலிப்டஸையும் விலக்குக.

கொப்பரை அடுப்பின் அனலிலும் ஆவியிலும் நிற்பதும், புற்சுமை தூக்குவதும் கர்ப்பிணியின் வேலை அல்ல. அப்பொறுப்பை வீட்டார் ஏற்க வேண்டும்.

பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியை வாங்கலாகாது. வாங்கியதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். எவரேனும் அருந்திவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 வண்டியை அழைத்து, புட்டியுடன் மருத்துவமனைக்கு விரைக.

இதனைக் கூறுமிடத்து, மலைமக்களின் வழக்கத்தை இகழ்ந்து பேசுதல் பயன் தராது. தைலம் அவர்களது உழைப்பின் பயன். பல குடும்பங்களின் வருவாய். புல்லின் பருவத்தையும் கொப்பரையின் சூட்டையும் நுணுகி அறிந்த அம்மக்களுக்கு, அளவின் அருமையைச் சொல்லி விளக்குவது கடினமன்று. தலைவலி என்று தைலம் கேட்கும் கர்ப்பிணியிடம், "எத்தனை நாளாக வலிக்கிறது, அம்மா? கண் தெளிவாகத் தெரிகிறதா?" என்று ஊழியர் முதலில் வினவுவாராயின், அந்த வினா ஓர் உயிரை, சில வேளை இரண்டு உயிர்களைக் காக்கும்.