கார்ப் பந்தயத்தின் முதற்படி



சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் போன்ற ஊர்களில், பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடும் சிறுவனை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். தெரு திரும்பும் இடத்தில் அவன் செய்வதைச் சற்றே உற்று நோக்குங்கள். திருப்பத்துக்குச் சில அடி முன்பே தட்டுவதை நிறுத்திவிடுகிறான். வேகம் தணிந்த டயரைத் தெருவின் வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தை நோக்கிச் சாய்க்கிறான். திருப்பம் முடியும் தறுவாயில் மறுபடியும் ஓங்கித் தட்டுகிறான். உலகப் பெரும் பந்தயங்களில் கார் ஓட்டும் வீரரும் வளைவில் செய்வது ஏறத்தாழ இதுவே. இந்த அறிவு எந்த வயதில், எத்தகைய வண்டியில் கைக்கு வந்து சேர வேண்டும்? அது உரிய காலத்தில் வாய்க்காதவர் நிலை என்ன? இவற்றைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன். கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயனின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

பந்தய வீரர்களில் பெரும்பாலோர் இளமையில் ஏறிய முதல் வண்டி 'கார்ட்' என்பது. 1956-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் பந்தயக் கார் கட்டும் பணியில் இருந்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களால் ஒரு சட்டம் அமைத்து, புல்வெட்டும் பொறிக்கு உரிய சிறு எஞ்சின் ஒன்றை அதிற் பூட்டி ஓட்டினார். அதுவே முதல் கார்ட். கதவு இல்லை, கூரை இல்லை, குலுக்கலைத் தாங்கும் வில்லும் இல்லை. ஓட்டுபவர் தரையிலிருந்து சில விரற்கடை உயரத்தில் அமர்ந்திருப்பார். ஆகையால் ஐம்பது கிலோமீட்டர் வேகமே நூறு போல் தோன்றும்.

விளையாட்டுப் பொருள் போல் காணப்படும் இவ்வண்டி உண்மையில் கண்டிப்பான ஆசிரியர். அதன் காரணத்தைக் கேளுங்கள். பள்ளி அணிவகுப்பில் வரிசை திரும்பும்போது உள்முனையில் நிற்பவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றுகிறான். வெளிமுனையில் இருப்பவனோ எட்டி எட்டி நடக்கிறான். காரின் சக்கரங்களுக்கும் இதே நிலைதான். வளைவில் வெளிச்சக்கரம் மிகுதியான தூரம் சென்றாக வேண்டும். சாதாரணக் காரில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு இவ்வேறுபாட்டைச் சரிக்கட்டுகிறது. கார்ட்டில் அவ்வமைப்பு கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில்தான் சுழலும். அப்படியாயின் வண்டி திரும்புவது எங்ஙனம்? உள்பக்கத்துப் பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு மேலெழ வேண்டும்! ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்வமைப்பும் சட்டத்தின் நெளிவும் சேர்ந்து அதனைத் தூக்கிவிடுகின்றன. மிகையாகத் திருப்பினால் முன்சக்கரங்கள் தரையைத் தேய்த்து வேகத்தைத் தின்றுவிடும். தயங்கித் திருப்பினால் உள்சக்கரம் எழாமல் வண்டி நேரே செல்ல முரண்டு பிடிக்கும். எட்டு வயதுச் சிறுவன் இக்கணக்கைத் தாளில் போடுவதில்லை. அவன் இடுப்பும் உள்ளங்கையும் அதனைக் கற்றுக்கொள்கின்றன.

வளைவின் ஆரத்தைப் பற்றியும் ஒரு சொல். டயர் தரையைப் பற்றும் வலிமை மாறாதிருக்குமாயின், ஆரம் நான்கு மடங்கானால்தான் வேகத்தை இரு மடங்காக்கலாம். பந்தய வீரர் வெளியோரத்தில் நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்தில் வெளிவருவது இதனால்தான். வளைந்த பாதையை இயன்ற அளவு நேராக்கி ஆரத்தைப் பெருக்குகிறார்.

மண் பாதையிலோ கதை வேறு. தளர்ந்த மண்ணில் டயருக்குப் பிடிப்பு குறைவு. வண்டி வழுக்கியே தீரும். எனவே தேர்ந்த ஓட்டுநர் அவ்வழுக்கலையே தம் ஏவலாளாக்கிக் கொள்கிறார். வளைவு வருமுன்பே பின்புறத்தைச் சறுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, வண்டி பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும் போதே விசையைக் கொடுக்கிறார். வியப்பான செய்தி ஒன்று: சக்கரம் சுழலாமல் இறுகினால் தார்ச்சாலையில் வண்டி நிற்கும் தூரம் பெரும்பாலும் கூடும், தளர்ந்த சரளையில் அதற்கு மாறாகக் குறைவதும் உண்டு. இறுகிய சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்துக்கொண்டு, அக்குவியலில் தானே முட்டி நிற்கிறது. மழை பெய்த கரிசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கு மண் சக்கரத்தை எப்படிப் பற்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இம்மண் பாதை ஓட்டத்தில் பெயர் பெற்றவர் நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன். தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். 1977-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பிறந்த நரேனுக்குப் பந்தயம் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. ஆயினும் கார்ட் என்னும் முதற்படி அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய சிறுபருவத்தில் நம் நாட்டில் முறையான கார்ட் பந்தயம் வேரூன்றியிருக்கவில்லை. சென்னையை அடுத்த சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்துவந்தன. 1990-இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கெனவே ஒரு தளம் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதனை நினைவு கூராமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரக்கூடிய பந்தயக் காரில் பொருத்தியவர் அவர். அயல்நாட்டுக் கார் வாங்க வகையற்ற இளைஞர்களுக்கு 'ஃபார்முலா மாருதி' என்ற அவ்வண்டியே பள்ளிக்கூடமாயிற்று. 1995-இல் வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். நரேன் தம் முதற் பந்தயத்தை ஓட்டியது இவ்வகை வண்டியில்தான்; அதிலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார்.

1992-இல் பிரான்சு நாட்டு வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குச் சென்றபோது அவருக்கு வயது பதினைந்து. பிற்காலத்தில் அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தவர்களோ இளம்பருவத்திலேயே கார்ட்டில் ஊறியவர்கள். ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கர், தம் தந்தை கவனித்துவந்த கெர்ப்பன் கார்ட் தளத்திலேயே வளர்ந்தவர். இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட் பந்தயத்தில் இறங்கியவர். அவர்கள் உடலோடு வளர்ந்த பழக்கத்தை நரேன் பதினைந்துக்குமேல் முயன்று தேட வேண்டியதாயிற்று. தேடவும் செய்தார். 1994-இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996-இல் ஃபார்முலா ஏஷியா வாகையர் ஆனார். 2005 மார்ச்சில் மெல்போர்னில், ஜோர்டான் அணியின் காரில், ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது.

பட்டாசுத் தொழிலறிந்த உங்களுக்கு இங்கே ஒரு கணக்கு. அவ்வாண்டுக் கார்களின் எஞ்சினில் பத்துச் சிலிண்டர்கள். சுழற்சி நிமிடத்துக்கு 18,000 எனக் கொள்ளுங்கள். இரு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி பற்றுகிறது. ஆகவே ஒரு நொடிக்கு 1,500 பற்றுதல்கள்! ஆயிரம் வெடிகள் கோத்த சரம் ஒன்றரை, ஒரே நொடியில் எரிந்து முடிவது போல. ஆனால் அங்கே வேண்டுவது வெடி அன்று, புஸ்வாணம் பொங்குவது போன்ற ஒழுங்கான எரிதல். எரிபொருள் வெடியாக வெடித்தால் பிஸ்டன் நொறுங்கிப்போகும்.

அவ்வாண்டு ஜூன் மாதம் இண்டியானாபொலிசில் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். டயர்ப் பழுது குறித்த அச்சத்தால் பதினான்கு கார்கள் விலகிவிட, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. இதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையாகாது. ஆறு பேரில் ஒருவராக நிற்பதற்கு அவர் கடந்து வந்த தொலைவை மறப்பதும் நேர்மையாகாது.

இப்போது முதற்படி நம் அருகிலேயே இருக்கிறது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், கரிவரதன் நினைவாக அவர் பெயர் சூட்டிய பந்தயத்தளம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். நாட்டளவில் சிறுவர்க்கான கார்ட் பந்தயங்களும் நடைபெறுகின்றன. அவ்வழியே வளர்ந்த மும்பையின் ஜெஹான் தாருவாலா, 2020-இல் பஹ்ரைனில் ஃபார்முலா டூ பந்தயம் ஒன்றை வென்றார். எனினும் 2012-இல் நரேன் இறங்கிய பின் 2024 முடிய ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியர் எவரும் ஓட்டவில்லை. கைத்திறன் குறைவே அதற்குக் காரணம் என நான் நம்பவில்லை. எஞ்சின், டயர், பயணம், அயல்நாட்டு வாசம் என ஒவ்வொரு படியிலும் செலவு பன்மடங்காகிறது. நரேனுக்கு வசதியுள்ள குடும்பமும் பின்னர் டாட்டா நிறுவனத்தின் ஆதரவும் இருந்தன. அவ்வளவு இருந்தும், 2005-க்குப் பின் ஃபார்முலா ஒன் பந்தயக் களத்திற்குத் திரும்ப அவர் 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. விஸ்வநத்தத்துத் தெருவில் டயர் உருட்டும் சிறுவனிடம் அதே கை இருக்கலாம். அவனை ஒருமுறை கார்ட்டில் அமர்த்திப் பார்ப்பதற்கான பணத்தை யார் தருவது என்ற கேள்விக்கு நம் பந்தயச் சங்கங்களும் தொழிலதிபர்களும் இன்னும் விடை கூறவில்லை.