‘த்ரீ நாட் த்ரீ’ வாங்க முடியுமா? பழைய ராணுவ ரைஃபிள் மீது ஆசைப்படுபவர்களுக்கு...

காலேஜில் என்.சி.சி-யில் இருந்தவர்களிடம் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்லிப் பாருங்கள். கை தானாகத் தோள்பட்டைக்குப் போகும். ஏறத்தாழ நாலு கிலோ கனம். மைதானத்து வெயிலில் அதைத் தாங்கிக்கொண்டு ‘சாவ்தான்’ நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது சுட முடியாத டிரில் ரைஃபிள்தான். கட்டையில் ‘டி.பி.’ என்ற இரண்டு எழுத்து குத்தியிருக்கும். ‘டிரில் பர்ப்பஸ்’ என்பதன் சுருக்கம் அது.

திருவள்ளூர் லைனில் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் தினமும் ரயில் ஏறி, ஏதோ ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் ஒருவருக்கு இந்த ரைஃபிள் மீது ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரையும் சுடுவதற்கு அல்ல. இரும்பில் வேலை செய்கிற கைக்கு, நூறு வருஷத்துக்கு முன் கடைந்த ஒரு போல்ட் எவ்வளவு வழுக்கலாக முன்னும் பின்னும் ஓடுகிறது என்று பார்ப்பதில் ஒரு சுகம். யூடியூபில் அமெரிக்கக்காரர் ஒருவர் மரப்பெட்டியை உடைத்து, கிரீஸ் அப்பிய ராணுவ ரைஃபிளை வெளியே எடுக்கிறார். ‘நாமும் ஒண்ணு வாங்கி வெச்சா என்ன?’ என்று இவருக்குத் தோன்றுகிறது.

அங்கே அது நிஜமாகவே நடக்கும். அமெரிக்காவில் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான ஓர் அமைப்பே, ராணுவம் கழித்த ‘எம்1 கேரண்ட்’ ரைஃபிள்களைத் தகுதியுள்ள பொதுமக்களுக்கு விற்கிறது. 50 வருஷம் தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி லைசென்ஸும் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் ஆசையாக வாங்கி வைத்திருக்கும் ரைஃபிள்களில் நம் நாட்டில் செய்தவையும் உண்டு. கொல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரில் 1904-ல் தொடங்கிய ரைஃபிள் ஃபேக்டரியில் பிறந்து, நம் சிப்பாய்களின் தோளில் ஏறி, கடைசியில் கழிவாகிக் கடல் தாண்டியவை. அங்கே போன இஷாப்பூர் ரைஃபிளை இங்கே இருக்கிற இந்தியர் வாங்க முடியாது.

காரணம், குழலின் அளவு. .303, 7.62 மி.மீ. இரண்டும் ராணுவத் தோட்டாக்களின் அளவு. அந்தத் தோட்டா நுழைந்து வெடிக்கக்கூடிய எந்த ரைஃபிளையும் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்திருக்கின்றன. பேச்சு வழக்கில் ‘பி.பி.’, அதாவது தடை செய்யப்பட்ட போர் என்பார்கள். இதற்கு மாவட்ட கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ லைசென்ஸ் தர முடியாது. மத்திய உள்துறை அமைச்சகம்தான் தர வேண்டும். ‘சேர்த்து வைக்க ஆசை’ என்ற மனுவோடு அங்கே போவதில் அர்த்தம் இல்லை.

இந்தத் தடையின் வேர் வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. பட்டாளத்திலிருந்து திருடுபோகும் தோட்டா, ஊரில் இருக்கும் எந்தத் துப்பாக்கியிலும் நுழையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அதற்காக வேட்டைக்காரர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வேறு அளவில் ரைஃபிள் வந்தது. அதுதான் .315, அதாவது 8 மி.மீ. ஆட்சி மாறிய பிறகும் கணக்கு மாறவில்லை. இஷாப்பூர் ஃபேக்டரி .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளைத் தொடர்ந்து செய்தது. அதன் போல்ட் அமைப்பு அப்படியே லீ-என்ஃபீல்டு. த்ரீ நாட் த்ரீ-யின் கூடப்பிறந்த தம்பி என்றே சொல்லலாம். மேகஸினில் மட்டும் பத்துக்குப் பதில் ஐந்து தோட்டா.

ஆக, ராணுவ ரைஃபிளின் சாயலில் ஒன்று வேண்டும் என்கிற புதியவருக்கு சட்டப்படி திறந்திருக்கும் கதவு இந்தத் தம்பிதான். அதற்கும் முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை. 21 வயது முடிந்திருக்க வேண்டும். மனு, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. துப்பாக்கி எதற்கு என்பதற்கு சரியான காரணம் சொல்ல வேண்டும். செவ்வாப்பேட்டைக்காரர் தன் வீடு எந்த எல்லையில் வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. மாவட்ட எல்லை என்றால் கலெக்டர், கமிஷனரேட் எல்லை என்றால் கமிஷனர். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு ‘கலெக்டர்’ என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் சங்கடம்தான்.

நம் ஊரில் இன்னொரு வழி பலருக்குத் தெரியாமலே வாசலில் வந்து நிற்கும். அப்பாவோ தாத்தாவோ காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கி. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டாலோ, அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்திருந்தாலோ வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம் என்கிறது விதி. முதல் பழைய துப்பாக்கி பலருக்கு இப்படித்தான் கைக்கு வருகிறது. பிரச்னை வருவதும் இங்கேதான். காரியம் முடிந்து, பீரோவைத் திறந்து, துணியில் சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘அப்பா ஞாபகமா இருக்கட்டும்’ என்று அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த நிமிஷமே அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாக மனுப் போட வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ஆயுதம் என்றால் 7 முதல் 14 ஆண்டு. பாசம் என்பது கோர்ட்டில் எடுபடாது.

‘பழசுதானே, ஆன்ட்டிக் பீஸ், லைசென்ஸே வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி அட்வான்ஸ் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த, தொன்மையான அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டால் போதாது. நல்ல லேத் இருந்தால் அரை நாளில் ஒரு பின் கடைந்துவிடலாம், இது நம் ஆளுக்கே தெரியும். 2020 பிப்ரவரியில் உள்துறை இன்னொரு தளர்வும் அறிவித்தது. ‘க்யூரியோ’ வகையில் வரும் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பயன்படுத்த, எடுத்துச்செல்ல லைசென்ஸ் வேண்டும். ஒரு துப்பாக்கி க்யூரியோவா இல்லையா என்பதை விற்பவர் வாயால் கேட்டு முடிவு செய்வது முட்டாள்தனம். லைசென்ஸ் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பணத்தை எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாகி, கடையில் ஒரு பழைய .315 எதிரில் கிடக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்? பாலிஷ் மினுக்கைப் பார்க்கக் கூடாது. போல்ட்டில் குத்தியிருக்கும் எண்ணும் உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா? வேறு ரைஃபிளின் போல்ட்டை மாட்டியிருந்தால் தோட்டா உட்காரும் இடைவெளி தப்பாக இருக்கலாம். சுடும்போது அது முகத்துக்கு நேரே ஆபத்து. விற்பவரின் லைசென்ஸில் இருக்கும் எண்ணோடும் அது பொருந்த வேண்டும். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும், அம்மைத் தழும்பு மாதிரி குழி இருக்கக் கூடாது. துரு அதிகம் ஒளிந்திருப்பது கட்டைக்கு அடியில், மரமும் இரும்பும் சேரும் இடத்தில். கடைக்காரர் கட்டையைக் கழற்றிக் காட்டத் தயங்கினால், அடுத்த கடைக்குப் போகலாம்.

வாங்கிய பிறகு வீட்டில் ஒரு பஞ்சாயத்து இருக்கும். ‘குழந்தைங்க இருக்கற வீட்டுல இது எதுக்குங்க?’ என்ற கேள்விக்கு, சுவரில் பதித்த பூட்டுப்பெட்டியும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டும்தான் பதில். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வர வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அலைச்சல் தனி.

இவ்வளவுக்கும் மனம் ஒப்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சென்னைக்குப் போகலாம். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-ல் திறந்த போலீஸ் மியூசியம் இருக்கிறது. கோட்டை மியூசியத்திலும் கம்பெனி காலத்து ஆயுதங்கள் உண்டு. இனி த்ரீ நாட் த்ரீ-யைக் கையில் பிடித்த போலீஸ்காரரைப் பார்ப்பது குறைந்துகொண்டேதான் வரும். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு விடைகொடுத்துவிட்டது.

எங்காவது ஒரு த்ரீ நாட் த்ரீ கண்ணில் பட்டால், போல்ட்டுக்குப் பின்னால், கை பிடிக்கும் இடத்தில் இருக்கும் இரும்புப் பட்டையைப் பாருங்கள். கிரீடம் குத்தியிருந்தால் வெள்ளைக்காரன் காலத்தது. சிங்க முகம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பின் இஷாப்பூரில் செய்தது. பக்கத்திலேயே வருஷமும் இருக்கும்.