எழுந்து நடப்பது ஊரைப் பொறுத்ததா?

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்கு 'ஸ்ட்ரோக் பெல்ட்' என்றே பெயர். பக்கவாதத்தால் சாவோர் அங்கே அதிகம் என்பது 1960களிலேயே தெரிந்த சேதி. பிழைத்தவர்கள் எழுந்து நடப்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அதை மாநில வாரியாக வண்ணம் தீட்டிக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2006 முதல் 2009 வரை அந்நாட்டு மறுவாழ்வு மருத்துவமனைகளில் தங்கிப் பயிற்சி பெற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்களின் உடல்திறனிலும் அறிவுத்திறனிலும் தெரிந்த ஏற்றத்தாழ்வுக்கு, வட்டாரத்தைவிட மருத்துவமனையே பெரிய காரணமாக நின்றது.

தெற்கே ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் அதிகம், நோயாளிகள் மோசமான நிலையில் வந்து சேர்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நியாயம்தான், ஆனால் வயதையும் சேரும்போதிருந்த நிலையையும் கழித்துப் பார்த்த பிறகும் மருத்துவமனைகளுக்கு இடையிலான வேறுபாடு கரைந்துவிடவில்லை. அப்படியானால் ஊர் ஒரு பொருட்டே இல்லையா? அது வேறு வழியாக உள்ளே வருகிறது. மறுவாழ்வு மருத்துவமனை என்றால் பொதுவாக நாளுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் பயிற்சி. மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் 2016 வழிகாட்டியும், தகுதியுள்ளவர்களை முன்னதற்கே அனுப்பச் சொல்கிறது. பக்கத்தில் அப்படியொரு மருத்துவமனையே இல்லாத கிராமத்துக்காரர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும் வாய்ப்பே அதிகம். போனவர் மருத்துவமனைக் கணக்கில் சேரவே மாட்டார். ஊரால் வந்த பாதகத்தில் ஒரு பங்கு இப்படிக் கணக்குக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

கணக்கு எடுக்கும் நாள்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த ஆய்வுக் காலத்தில், சாப்பிடுவது, உடுத்துவது, படியேறுவது முதல் ஞாபகசக்தி வரை 18 அம்சங்களுக்குத் தலா 1 முதல் 7 வரை மதிப்பெண். முழு மதிப்பெண் 126. சேரும்போதும் இதைப் போட்டார்கள், ஆனால் விளைவாக எடுத்துக்கொண்டது டிஸ்சார்ஜ் சமயத்து மதிப்பெண்ணை. அந்த நாளைச் சீக்கிரமாக்கும் தூண்டுதலும் உண்டு: 2002 முதல் அந்நாட்டு அரசின் மெடிகேர் காப்பீடு நாள்கணக்கில் அல்லாமல், நோயாளியின் நிலைக்கேற்ப இன்ன தொகை என்று நிர்ணயித்துத் தருகிறது; சீக்கிரம் அனுப்பினால் மருத்துவமனைக்கு மிச்சம். பயிற்சிக்கூடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறியவர், கைப்பிடியில்லாத வீட்டில் மாடியைவிட்டு இறங்காமலே கிடக்கலாம். கவனிக்க மனைவியோ மகளோ உண்டா, பிசியோதெரபிஸ்ட் வந்து போகும் தூரத்தில் வீடு இருக்கிறதா என்பதற்கெல்லாம் அந்த 126இல் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஆறு மாதம் கழித்துத் தேடிப்போய் அளப்பது செலவு பிடிக்கும், அதற்குள் வேறு நோய்களும் குறுக்கிடும் என்பார்கள். குறுக்கிடட்டும், எந்த ஊரில் அதிகம் குறுக்கிடுகின்றன என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும்!