கழிவுநீரிலிருந்து ஒரு பீர்

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் மீன் கழுவிய தண்ணீரும் மாடிவீட்டுக் கழிவறைத் தண்ணீரும் சிங்கப்பூரில் மழைநீர்க் கால்வாயில் கலப்பதில்லை. தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையம் போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்த தண்ணீரைச் சுத்தமாக்கித் தயாரித்த ‘நியூபுரூ’ பீர் 2022 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் உள்ளூர் பீர் நிறுவனமான புரூவர்க்ஸும் சேர்ந்து செய்த வேலை.

முகம் சுளிக்க வேண்டியதில்லை. ‘நியூவாட்டர்’ எனும் இந்தத் தண்ணீர் 2003 முதலே புழக்கத்தில் இருக்கிறது. வறண்ட மாதங்களில் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள். சிங்கப்பூரில் காபி குடித்தவர்கள் இதையும் குடித்திருப்பார்கள்.

முதலில் நுண்வடிகட்டி தூசியையும் பாக்டீரியாவையும் பிடித்துக்கொள்ளும். அடுத்து ஆர்.ஓ. சவ்வு, கரைந்த உப்புகளையும் வைரஸையும் தடுக்கும். கடைசியில் புற ஊதாக் கதிர். சில்லுத் தொழிற்சாலைகள் கேட்டு வாங்கும் அளவுக்குத் தூய்மை.

பீர் செய்பவருக்குச் சிக்கலே அந்தத் தூய்மைதான். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதில் இருக்கும் உப்புகள்தான் சுவையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். அதனால் அங்கே கசப்பு எடுப்பாகத் தெரியும் பீர் பிறந்தது. செக் நாட்டுப் பில்சன் நகரின் தண்ணீர் மென்மையானது. அங்கே பிறந்தது இளமஞ்சள் லாகர் பீர். அந்தக் காலத்தில் ஊர்க்கிணறு சொன்னதுதான் பீர். ஆர்.ஓ. தண்ணீருக்கு ஊரே கிடையாது. எந்த ஊர்த் தண்ணீர் வேண்டுமோ, அதைத் தயாரிப்பவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மாவுச்சத்து சர்க்கரையாவது அப்போதுதான். தராசில் நிறுத்த ஜிப்சத்தையும் கால்சியம் குளோரைடையும் இந்தக் கட்டத்தில் போடுவார்கள். கால்சியம் அந்தக் கலவையின் அமிலத்தன்மையைச் சற்றே கூட்டும், நொதிகள் சுறுசுறுப்பாகும். ஈஸ்ட் பின்னால் நன்றாகப் படியவும் அதே கால்சியம் உதவும். பிறகு சாற்றை வடித்து, ஹாப்ஸ் எனும் கசப்புப் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் விடுவார்கள்.

நியூபுரூவில் ஜெர்மன் மால்ட், சிட்ரா, கலிப்ஸோ ஹாப்ஸ். ஈஸ்ட் நார்வேயின் ‘க்வைக்’. அந்நாட்டு விவசாயிகள் மர வளையங்களில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த ரகம் இது. சாதாரண ஏல் வகை பீரின் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி கேட்கும். க்வைக் 30 டிகிரிக்கு மேலும் சுவை கெடாமல் நொதிக்கும். சிங்கப்பூர் வெயிலுக்கு ஏற்ற ஈஸ்ட்தான், வந்தது மட்டும் பனி நாட்டிலிருந்து!

எந்த பீராக இருந்தாலும், தேக்காவில் ஒரு டின் வாங்கி நடைபாதையில் உட்காருமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பின், 2015இல் வந்த மதுக்கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கத் தடை. உரிமம் பெற்ற கடைக்குள் உட்கார்ந்து குடிப்பதற்கு இந்தத் தடை கிடையாது.