பாம்பன் பாலமும் நமது எடைக்கற்களும்

நமது தராசுக்கும் எடைக்கல்லுக்கும் நாமே முத்திரை குத்திக்கொள்ள முடியாது. முத்திரை ஆய்வாளர்தான் குத்த வேண்டும். ரயில்வேக்கும் அப்படி ஒருவர் உண்டு.

1914ல் திறந்த பாம்பன் பாலத்தை 1964 டிசம்பர் புயல் சிதைத்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலில் விழுந்த கர்டர்களை மீட்டுப் பொருத்தி, 46 நாட்களில் சீராக்கினார். பொறுப்பு ஒருவர் கையில் இருந்தது, வேலையும் நடந்தது.

புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து இராமேசுவரம் போனவர்கள் மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்தார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் இந்தப் பாடு.

2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தைச் சோதித்தார். ரயில் ஓட்ட அனுமதி தந்தார். கூடவே வடிவமைப்பு, துருப்பிடிப்பு பற்றிக் குறைகளையும் எழுதினார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் ஆள் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அதனால்தான் அப்படி எழுத முடிந்தது என்பது நமது எண்ணம். ரயில்வே ஐவர் குழு அமைத்தது. 2025 ஏப்ரல் 6ல் பாலம் திறக்கப்பட்டது.

முத்திரைச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டச் சொல்கிறது சட்டம்; நாமும் மாட்டுகிறோம். ஆணையர் அறிக்கையையும் குழுவின் பதிலையும் தமிழில் எழுதி இராமேசுவரம் ஸ்டேஷனில் மாட்டும்படி, நமது சங்கம் மதுரைக் கோட்ட மேலாளருக்கு மனு அனுப்பலாமே!