குறுக்கே பேசியவர்கள்: கொலம்பியா 1975

ஃபூக்கோவை நாங்கள் முதலில் படித்தது மௌனமாக. ஸெராக்ஸ் தாள்களில், ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பிடிபடாத இடத்தில் கேள்விக்குறி வைத்து. அந்தப் பிரதிக்குப் பின்னால் ஒரு குரல் இருக்கிறது, அந்தக் குரலை ஒரு கூட்டத்தில் எவராவது எழுந்து பாதியில் வெட்டியிருக்கலாம் என்கிற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. அதனால்தான் 1975 நவம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த 'ஸ்கிஸோ-கல்ச்சர்' கூட்டம் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்குள் ஏதோ கலைந்தது. சரி, ஒரு கருத்தரங்குல நாலு பேர் சத்தம் போட்டாங்க, அதுல என்ன தத்துவம் இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன்.

கூட்டத்தைக் கூட்டியவர் சில்வேர் லோட்ரிங்கர், அங்கே ஃபிரெஞ்சு கற்பித்தவர். 1974இல் 'செமியோடெக்ஸ்ட்' என்ற சிற்றேட்டை நண்பர்களோடு தொடங்கியிருந்தார். சிறைகளும் மனநோய் விடுதிகளும்தான் பேசுபொருள். பாரிஸிலிருந்து ஃபூக்கோ, தெலுஸ், குவாத்தாரி, லியோதார். லண்டனிலிருந்து மனநோய் மருத்துவத்தை உள்ளிருந்தே எதிர்த்த ஆர்.டி. லெய்ங். அமெரிக்கத் தரப்பில் நாவலாசிரியர் வில்லியம் பரோஸ், இசைக் கலைஞர் ஜான் கேஜ், பெண்ணியவாதி டி-கிரேஸ் அட்கின்சன், சிறைப் போராட்டக்காரர்கள், மனநோய் விடுதிகளுக்குள் இருந்து வெளியே வந்தவர்கள். இதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1966 அக்டோபரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பார்த், லக்கான், தெரிதா எல்லோரும் வந்து பேசியிருந்தார்கள். அது அறிஞர்கள் அறிஞர்களுக்கு வாசித்த கட்டுரைகளின் கூட்டம். கொலம்பியாவில் கதவு திறந்து கிடந்தது, எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு ஜனம் வந்து சேர்ந்தது.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தெலுஸும் குவாத்தாரியும் எழுதிய 'எதிர்-ஈடிபஸ்' 1972இல் ஃபிரெஞ்சில் வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்தது 1977இல்தான். ஆக அந்த அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் படிக்காத ஒரு புத்தகத்தின் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஸ்கிஸோ' என்பது அவர்களிடம் நோயாளியைக் குறிக்கும் சொல் அல்ல. குடும்பமும் மூலதனமும் போட்ட கரைகளை உடைத்துக்கொண்டு ஆசை ஓடுகிற இயக்கத்தைக் குறிப்பது. இதை யார் அங்கே எடுத்துச் சொன்னார்கள்? தெலுஸ் ஃபிரெஞ்சில் மெதுவாகப் பேசியபடி கரும்பலகையில் கிழங்கு வேர்களை வரைந்துகொண்டிருந்தார். மையமில்லாத, எந்தப் புள்ளியும் எந்தப் புள்ளியோடும் இணையக்கூடிய 'ரைஸோம்' அது. அச்சில் அது வந்தது அடுத்த வருஷம்.

ஃபூக்கோ பேசியது குழந்தைகளின் பாலியல் பற்றி. 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் 1976இல் வந்த வாதம்தான். நாம் ஒடுக்கப்பட்டிருக்கிறோம், தடை நீங்கினால் விடுதலை என்கிற கதையாடலை அவர் சந்தேகிக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து குழந்தையின் சுய இன்பத்துக்கு எதிராக மருத்துவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் நடத்திய யுத்தம் அந்தப் பழக்கத்தை ஒழிக்கவில்லை. குழந்தையின் உடலைச் சுற்றிக் கண்காணிப்பையும் அறிவையும் புதிய வகைக் குடும்பத்தையும் அது உற்பத்தி செய்தது. அதிகாரம் 'கூடாது' என்று மட்டும் சொல்வதில்லை, பேச வைக்கவும் செய்கிறது. வில்ஹெல்ம் ரைஹைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட வார்த்தை இது.

அந்தச் சமயத்தில் லிண்டன் லாரூஷின் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, ஃபூக்கோ சி.ஐ.ஏ.யிடம் பணம் வாங்குகிறவர் என்றார். லெய்ங்கும் ஃபூக்கோவும் சேர்ந்து உட்கார்ந்த அரங்கிலும் இதே குற்றச்சாட்டு வந்தது. ஃபூக்கோவுக்குக் கோபம். இந்த அரங்கில் எல்லோருமே சி.ஐ.ஏ.யிடம் வாங்கியவர்கள்தான், உங்களைத் தவிர, நீங்கள் வாங்கியது கே.ஜி.பி.யிடம் என்கிற மாதிரி கடைசியில் பதில் சொன்னார் என்று லோட்ரிங்கர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதை நகைச்சுவைத் துணுக்காகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. சந்தேகம் அந்த நாட்டில் பைத்தியக்காரத்தனம் அல்ல. 'கலாச்சார சுதந்திரத்துக்கான காங்கிரஸ்' சி.ஐ.ஏ. பணத்தில் நடந்தது 1966-67இல் அம்பலமாகியிருந்தது. உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை விசாரிக்க அமெரிக்க செனட் அமைத்த சர்ச் குழு அந்த 1975இல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. அதிகாரத்துக்கு ஒரே ஊற்று, அது எங்கோ மறைவில் இருக்கிறது, நூலை அங்கிருந்து இழுக்கிறார்கள், மேடையில் நிற்பவன் பொம்மை. ஃபூக்கோ எதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தாரோ அதே மாதிரியை வைத்துத்தான் அவரை அடித்தார்கள். ராஜாவின் தலையை இன்னும் வெட்டாத அரசியல் அது. இங்கேயும் 80களிலும் 90களிலும் அமைப்பியலும் பின்நவீனத்துவமும் பேசியவர்களைப் பார்த்து 'ஏகாதிபத்தியச் சதி' என்றார்கள். யார் காசு என்று கேட்டுவிட்டால் என்ன சொன்னான் என்று படிக்க வேண்டியதில்லை பாருங்க, அது ஒரு சௌகரியம்.

வரலாற்றுக்கும் குசும்பு உண்டு. ஃபூக்கோ இறந்து ஒன்றரை வருஷம் கழித்து, 1985 டிசம்பரில், ஃபிரெஞ்சு அறிவுஜீவிகள் இடதுசாரியிடமிருந்து விலகிப்போவதைப் பற்றி சி.ஐ.ஏ. ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. அதில் ஃபூக்கோவின் பெயர் இருக்கிறது. படித்திருக்கிறார்கள். கவனிக்கப்பட்டவன் என்பதற்கும் கைக்கூலி என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அந்தக் கூச்சல் அழித்துவிட்டிருந்தது.

குவாத்தாரிக்கு நேர்ந்தது வேறு. அவர் பேச்சு அட்கின்சன் தரப்பின் எதிர்ப்பில் முறிந்தது. ஆண்குறி அதிகாரத்தின் ஆள் என்று அவரைச் சாடினார்கள். குவாத்தாரி லா போர்த் மனநல விடுதியில் மருத்துவர்–நோயாளி படிநிலையைக் கலைத்துப்போட வருஷக்கணக்காக உழைத்தவர், அவரைப்போய் இப்படி என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆசையின் ஓட்டங்களைப் பற்றி ஓர் ஆண் மேடையில் நின்று விளக்குகிறார், மேடையும் ஒலிபெருக்கியும் நேரமும் அவரிடம் இருக்கின்றன. ஓட்டத்தை வெட்டுவதுதான் ஆசையின் இயந்திரம் என்று அவரே எழுதியிருக்கிறார். வெட்டு வந்தபோது அது விவாதத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படவில்லை. குறுக்கீட்டைக் கொண்டாடும் கோட்பாட்டுக்குத் தனக்கு நேரும் குறுக்கீட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. அட்கின்சன் முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லாரூஷ் ஆளின் கத்தலையும் இதையும் ஒரே 'கலாட்டா' என்ற சொல்லில் போட்டு மூடுகிற வர்ணனைகளை நம்ப முடியவில்லை. அவன் பேசுகிறவனின் எஜமான் யார் என்று கேட்டான். இவர்கள் பேசுகிற இடம் யாருடையது என்று கேட்டார்கள்.

கலைஞர்கள் அங்கே இடைவேளை நிகழ்ச்சி அல்ல. கேஜின் அந்தக் காலத்து வேலை 'வெற்றுச் சொற்கள்'. தோரோவின் நாட்குறிப்புகளை எடுத்து, ஐ சிங் முறையில் தற்செயலிடம் விட்டு, முதலில் வாக்கியங்களை நீக்குவார், பிறகு சொற்றொடர்களை, பிறகு சொற்களை. கடைசியில் எழுத்தும் மூச்சும்தான் மிச்சம். 1974இல் கொலராடோவில் நாரோபாவில் அதை வாசித்தபோது மாணவர்கள் கூச்சலிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை, தொடர்ந்து வாசித்தார். குறுக்கீட்டைத் தன் பிரதிக்குள்ளேயே இடம்விட்டு வைத்திருக்கிறவனுக்கு அதைத் தாங்குவது எளிது போலும்.

பரோஸ் எடுத்துக்கொண்டது கட்டுப்பாட்டின் எல்லைகள். கட்டுப்பாட்டின் கருவி சொல்தான் என்கிறார். முழுமையான கட்டுப்பாடு என்று ஒன்று இருக்க முடியாது என்றும் சொல்கிறார். டேப் ரெக்கார்டரை நாம் கட்டுப்படுத்துவதில்லை, பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். எதிர்க்கவோ இணங்கவோ முடிகிற ஒருவன் மிச்சமிருக்கும்வரைதான் கட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடம். ஃபூக்கோ சுற்றி வளைத்துச் சொன்னதை நாவலாசிரியர் ஒரு சாமானை வைத்து முடித்துவிட்டார். 1990இல் தெலுஸ், ஒழுங்குமுறைச் சமூகங்கள் போய்க் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் வருகின்றன என்று எழுதிய சின்னக் கட்டுரையில், அந்தப் பெயரைப் பரோஸிடமிருந்து எடுத்ததாகச் சொல்கிறார்.

1978இல் 'செமியோடெக்ஸ்ட்' இதே தலைப்பில் ஓர் இதழ் கொண்டுவந்தது. வழக்கமான கருத்தரங்க மலராக அது வரவில்லை. பரோஸின் பேச்சும் ஃபிரெஞ்சுக்காரர்களும் இருந்தார்கள், பக்கத்திலேயே கேத்தி ஆக்கர், ராபர்ட் வில்சன், ஃபிலிப் கிளாஸ். மேடையில் நடந்த பேச்சுகள் தொகுக்கப்பட்டுப் புத்தகமாக வந்து சேர மேலும் முப்பத்தைந்து வருஷம்போல ஆயிற்று. அட்டைப்பெட்டிக்குள் இரண்டு தொகுதிகள். நான் அதையும் மௌனமாகத்தான் படித்தேன்.