ஒரே இடத்தில் விழும் குண்டு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று தெற்கு நோக்கி வரும் மலைச்சாலை, ஒகேனக்கல்லில் காவிரியைத் தொடுகிறது. வழியெங்கும் காடு. ஆற்றுக்கு அப்பால் கர்நாடகம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) என்ற வேட்டைக்காரர் இக்காடுகளில் பல்லாண்டுகள் அலைந்தார். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்ற அனுபவங்களை ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய முதல் நூல் 1954-இல் வெளிவந்தது. ஜவளகிரிப் புலியின் கதை அதில் இருக்கிறது.

அவர் பெரிதும் நம்பியிருந்த ஆயுதம் .405 வின்செஸ்டர் என்னும் அமெரிக்க ரைபிள். ஜான் பிரௌனிங் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய 1895-ஆம் ஆண்டு மாதிரி அது. டிரிக்கரைச் சுற்றியிருக்கும் உலோக வளையமே அதில் ஒரு நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டா வெளியே விழும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. அந்தக் காடுகளில் பெரும்பரப்பு இப்போது காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற இரு சரணாலயங்களில் அடங்குகிறது. முன்னது 2014-இலும் பின்னது 2022-இலும் அறிவிக்கப்பட்டன. ஆனாலும் அந்தப் பழைய ரைபிள் நமக்கு ஓர் அருமையான இயற்பியல் பாடத்தை வைத்திருக்கிறது. ஒரு கருவி ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

ஒரு குண்டு தவறினால்

குறி தவறினால் விலங்கு பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதானே என்று நீங்கள் எண்ணலாம். முற்றிலும் தவறிய குண்டால் தீங்கில்லை. சிறிதளவு தவறிய குண்டுதான் கொடியது. குமாயூன் மலைப்பகுதியில் 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயம் என்று கார்பெட் எழுதினார். காட்டு விலங்குகளை வேட்டையாட முடியாத புலி மனிதனைத் தேடி வந்தது. யாரோ ஒருவர் சுட்ட ஒரு குண்டு, விழக்கூடாத இடத்தில் விழுந்ததன் விலை அது.

எது நல்ல ரைபிள்?

இரண்டு ரைபிள்களை 100 மீட்டர் தூரத்தில் ஒரு பலகையை நோக்கி ஐந்தைந்து முறை சுட்டுப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரைபிளின் ஐந்து குண்டுகளும் 3 செ.மீ. வட்டத்துக்குள் நெருக்கமாக விழுகின்றன. ஆனால் அந்த வட்டம் குறிப்புள்ளிக்கு 8 செ.மீ. இடப்புறம் இருக்கிறது. இரண்டாவது ரைபிளின் குண்டுகள் குறிப்புள்ளியைச் சுற்றி 20 செ.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன. அவற்றில் ஒன்று புள்ளியின் நடுவிலேயே பட்டிருக்கிறது. எது நல்ல ரைபிள்?

முதலாவதுதான். அதன் பிழை மாறாத பிழை. உங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள திருகு அளவியின் பூச்சியப் பிழையைப் போன்றது. எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் கழித்துவிடலாம். இரண்டாவது ரைபிளின் பிழையைக் கழிக்க வழியில்லை. அடுத்த குண்டு எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. நடுவில் பட்ட அந்த ஒரு குண்டு தற்செயல்.

முதல் ரைபிளை எப்படித் திருத்துவது? குழலின் நுனியில் ஒரு குறிமுனையும், பின்பக்கத்தில் ஒரு குறிப்பள்ளமும் உள்ளன. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 60 செ.மீ. என்று கொள்வோம். வடிவொத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் 8 செ.மீ. நகர வேண்டுமானால், 60 செ.மீ.-இல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். பின் குறிப்பள்ளத்தை அரை மில்லிமீட்டர் வலப்புறம் தள்ளினால் குண்டுகள் புள்ளிக்கு வந்துவிடும்.

ஆனால் ஒரேயொரு குண்டைச் சுட்டுவிட்டு இப்படித் திருத்தக் கூடாது. அந்தக் குண்டு விழுந்த இடத்தில் மாறாத பிழையும் இருக்கிறது, சிதறலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஐந்து குண்டுகளின் சராசரி இடம் வேண்டும். தனி ஊசலின் அலைவு நேரத்தைப் பல அலைவுகளுக்கு அளந்து, அதையும் திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுக்கிறோமே, அதே காரணம்தான்.

குண்டு நேராகப் போகிறதா?

இல்லை. குழலை விட்டு வெளிவந்த கணத்திலிருந்தே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. .405 குண்டின் நிறை ஏறக்குறைய 19.4 கிராம். அதன் தொடக்க வேகம் வினாடிக்குச் சுமார் 670 மீட்டர். 30 மீட்டர் செல்வதற்குள் அது 1 செ.மீ. விழும். 100 மீட்டரில் 11 செ.மீ., 200 மீட்டரில் 44 செ.மீ. விழும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

தோட்டாவுக்குத் தோட்டா வெடிமருந்தின் வேகம் சற்று மாறினால் என்ன ஆகும்? வேகம் 2 விழுக்காடு குறைந்தால், விழும் தொலைவு 4 விழுக்காடு கூடும். 100 மீட்டரில் இது அரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆண்டர்சன் இரவில் பரண்மேல் அமர்ந்து, ரைபிளில் பொருத்திய டார்ச் ஒளியில் சுட்ட தூரங்களில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே சிதறலின் முக்கியக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ரைபிளின் உடலில்

குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உண்டு. இவை குண்டைச் சுழல வைக்கின்றன. 35 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்றால், வினாடிக்கு ஏறக்குறைய 1,900 சுற்றுகள்! சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலைகுப்புறப் புரளாமல் செல்கிறது. வயல்காவலுக்கு வைத்திருந்த பழைய நாட்டுத் துப்பாக்கிகளின் குழலில் இப்பள்ளங்கள் இல்லை. அவற்றின் குண்டுகள் சிதறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்தது மரக்கட்டை. சாதாரண போல்ட் ரைபிளில் தோள் முதல் குழல் வரை தாங்குவது ஒரே கட்டை. நெம்புகோல் ரைபிளில் பின்கட்டை தனி, முன்கட்டை தனி. நடுவில் இரும்புப் பெட்டி. இணைப்பில் சிறிது தளர்வு இருந்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் உடல் வேறு வேறு விதமாக அதிரும். அதனால் திருகுகள் எப்போதும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். முன்கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தவும் கூடாது. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பினால் அந்த அழுத்தம் மாறிவிடும்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. தொடர்ந்து சுட்டதால் 60 செ.மீ. எஃகுக் குழல் 50 டிகிரி சூடேறினால், அது ஏறக்குறைய 0.36 மி.மீ. நீளும். தடையின்றி நீண்டால் கவலையில்லை. ஒரு பக்கம் கட்டை பிடித்துக்கொண்டால் குழல் சிறிது வளையும். குண்டுகள் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் ஒதுங்கிச் செல்லும். வேட்டைக்காரனுக்குப் பயன்பட்டது பெரும்பாலும் குளிர்ந்த குழலின் முதல் குண்டு. எனவே ரைபிளைச் சோதிப்பவர், ஒவ்வொரு குண்டுக்கும் குழலை ஆறவிட்டுச் சோதிப்பதே முறை.

பழைய நெம்புகோல் ரைபிள்கள் பலவற்றில், குழலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தீரத் தீர, குழலோடு சேர்ந்த எடை மாறும், அதிர்வும் மாறும். 1895 மாதிரியில் தோட்டாக்கள் நடுப்பெட்டிக்குள் அடுக்கப்படுகின்றன. ஆகவே அந்தத் தொல்லை இல்லை.

பிடிக்கும் கை

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மிஞ்சுவது மனிதன். குறிமுனையைக் குறிப்பள்ளத்தின் நடுவில் வைக்கும்போது, கண் 1 மி.மீ. தவறினால் என்ன ஆகும்? அதே முக்கோணக் கணக்குத்தான். 100 மீட்டரில் ஏறக்குறைய 17 செ.மீ. பிழை! மருந்தின் வேகத்தால் வரும் பிழையைப் போல முப்பது மடங்குக்கு மேல்.

இன்னொன்றும் உண்டு. குண்டு முன்னே செல்லும்போது, உந்த அழிவின்மை விதிப்படி ரைபிள் பின்னே செல்கிறது. ரைபிளின் நிறை 4 கிலோகிராம் என்று கொண்டால், குண்டு 60 செ.மீ. குழலைக் கடப்பதற்குள் ரைபிள் ஏறக்குறைய 3 மி.மீ. பின்வாங்கியிருக்கும். அதாவது, குண்டு வெளியேறும் முன்பே ரைபிள் அசையத் தொடங்கிவிடுகிறது. தோளில் ஒருமுறை இறுக்கியும் மறுமுறை தளர்த்தியும் பிடித்தால், அந்த அசைவு ஒரே மாதிரி இராது. தோள், கன்னம், கை, மூச்சு, விரல் எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக இருக்க வேண்டும். கூரிய கண்ணைவிட மாறாத பழக்கமே குறியைக் காக்கிறது.

செய்து பாருங்கள்

இதைச் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை. ஒரு கோலிக்குண்டும், நடுவில் பள்ளமுள்ள ஓர் அடிக்கோலும் போதும். அடிக்கோலின் ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் வைத்துச் சரிவாக்குங்கள். மறுமுனை மேசையின் விளிம்பருகே இருக்கட்டும். கோலி விழும் இடத்தில் வெள்ளைத் தாளையும், அதன்மேல் மை படியும் பக்கம் கீழே இருக்குமாறு கார்பன் தாளையும் வையுங்கள்.

சரிவில் ஓர் அடையாளமிட்டு, அங்கிருந்து கோலியைப் பத்து முறை தள்ளாமல் விடுங்கள். பிறகு புதுத் தாளை வைத்து, கையால் மெல்ல உருட்டிப் பத்து முறை விடுங்கள். இரண்டு தாள்களிலும் புள்ளிகளின் சராசரி இடத்தையும், மிகத் தொலைவில் உள்ள இரு புள்ளிகளின் இடைவெளியையும் அளந்து குறியுங்கள். இனி அடிக்கோலை ஒரு புறம் தளர்வாக வைத்தும், கோலியில் எண்ணெய் தடவியும் சோதித்துப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

மயக்க ஊசிக்கும் இதே கணக்கு

நாட்றாம்பாளையம் போன்ற காட்டோர ஊர்களில் ராகிக் கொல்லைக்கு யானை வருவது இன்றும் நடப்பதே. ஊருக்குள் வரும் யானையை இடம் மாற்ற வேண்டிய நிலை வந்தால், கால்நடை மருத்துவர் மயக்க ஊசித் துப்பாக்கியை எடுக்கிறார். 2023 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மக்னா யானை இப்படித்தான் பிடிக்கப்பட்டு, ஆனைமலைக் காட்டில் விடப்பட்டது.

ஊசி மெதுவாகச் செல்லும் பொருள். அதன் வேகம் வினாடிக்கு 60 மீட்டர் என்று கொண்டால், 30 மீட்டர் செல்ல அரை வினாடி ஆகும். அதற்குள் ஊசி 1.2 மீட்டர் விழுந்துவிடும்! 30 மீட்டர் என்று நினைத்த தூரம் உண்மையில் 33 மீட்டர் என்றால், ஊசி மேலும் கால் மீட்டர் கீழே படும். அதனால்தான் தூரத்தை அளந்து, அதற்கேற்ப அழுத்தத்தை அமைத்து, முன்கூட்டியே பலமுறை பழகிப் பார்க்கிறார்கள்.

அன்று ஆண்டர்சனின் குண்டு ஒரு விலங்கின் உயிரை எடுக்கச் சென்றது. இன்று மருத்துவரின் ஊசி ஒரு யானையின் உயிரையும் ஊராரின் உயிரையும் காக்கச் செல்கிறது. இரண்டும் பணிவது ஒரே விதிக்குத்தான். நீங்கள் நாளை ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுக்கும்போது, முதல் அளவீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்து முறை அளந்து, அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். விடை சரியா என்று கேட்கும் முன், அது மாறாமல் வருகிறதா என்று கேளுங்கள்.